கமராவும் சங்கமும்: இனஒதுக்கற் காலப் புகைப்படங்கள் பற்றி மன்னார்க் கரையிலிருந்து ஒரு விமர்சன நோக்கு

1

தமிழிற் கலை விமர்சனம் எனப்படுவது பெரும்பாலும் இலக்கிய விமர்சனமாகவே இருந்து வந்துள்ளது. கூத்து, நாடகம், ஓவியம், திரைப்படம் ஆகியன காலப்போக்கில் ஆய்வுக்குரிய பொருள்களாயின. புகைப்படத்துக்கு அத்தகுதி இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. அது செய்திக்குத் துணையாக அச்சிடப்படுவது, அல்லது போட்டிகளிற் பரிசு பெறுவது என்ற இரு நிலைகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒரு புகைப்படத்தை யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார், எடுக்கப்பட்டபின் அது எவர் கையில் வாழ்ந்தது ஆகிய வினாக்களை நாம் எழுப்புவதில்லை. ஒரு நாவலை நோக்கி இதே வினாக்களை நாம் தயக்கமின்றி எழுப்பி வந்துள்ளோம் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தென்னாபிரிக்காவில் இனஒதுக்கல் ஆட்சி நிலவிய காலத்தில், அதாவது 1948 முதல் 1990களின் தொடக்கம் வரையில், தொழிற்சங்கங்களையும் வீதிப் போராட்டங்களையும் பதிவு செய்த புகைப்படங்கள் இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமானவை. அப்படங்களை எடுத்தோருட் கணிசமானோர் தொழிற்சங்கத்தவராயும் தொழிலாளராயும் இருந்தனர். அவர்களுட் சிலர் இந்திய வம்சாவளியினர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பரில் முதலாவது ஒப்பந்தக் கூலிகளை டேர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அதே நூற்றாண்டில், அதே தமிழ்க் கிராமங்களிலிருந்து பிறிதொரு கூட்டம் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்தது. இரு பயணங்களும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு கிளைகளாகும். ஆதலின் டேர்பன் நகரத்துப் படங்களை மன்னார்க் கரையில் நின்று நோக்குவது வலிந்து செய்யும் ஒப்பீடன்று.

இக்கட்டுரை அப்படங்களைப் புகழ்வதற்காக எழுதப்பட்டதன்று. அவற்றின் வலிமை எங்கிருந்து பிறந்தது, அவை எவற்றைக் காணத் தவறின, அத்தவறு எருக்கலம்பிட்டி போன்றதோர் ஊரின் வரலாற்றை நோக்குவோருக்கு எதனை உணர்த்துகிறது என்பவற்றை ஆராய்வதே நோக்கமாகும்.

2

இனஒதுக்கல் என்பது தோல் நிறத்தின் மீதான வெறுப்பு மட்டுமன்று. அது உழைப்பை மலிவாகப் பெறுவதற்கான சட்ட ஏற்பாடுமாகும். 1924ஆம் ஆண்டின் கைத்தொழில் இணக்கச் சட்டம், அனுமதிச் சீட்டுச் சுமக்க வேண்டிய ஆபிரிக்கரைத் ‘தொழிலாளி’ என்ற வரைவிலக்கணத்திலிருந்தே நீக்கியது. 1953ஆம் ஆண்டின் சட்டம் ஆபிரிக்கர் வேலைநிறுத்தம் செய்வதைத் தடைசெய்தது. சட்டத்தின் கண்ணுக்கு ஆபிரிக்கன் உழைப்பவன். ஆயின் தொழிலாளி அல்லன். இவ்வாறு காணப்படாதவனாக ஆக்கப்பட்ட ஒருவனைக் காணச் செய்வதே அங்கு கமராவின் முதற்பணியாயிற்று.

இவ்விடத்து எலி வைன்பேர்க்கின் வாழ்க்கை குறிப்பிடத்தக்கது. லத்வியாவில் 1908இற் பிறந்து தென்னாபிரிக்காவிற் குடியேறிய இவர் ஒரு தொழிற்சங்க அமைப்பாளர். 1953இல் அரசு இவரைச் சங்கப் பணியிலிருந்து தடைசெய்தது. அதன் பின்னரே இவர் புகைப்படத்தைத் தம் தொழிலாகக் கொண்டார். சங்கத்தின் கதவு மூடப்பட்டவிடத்துக் கமராவின் கதவு திறந்தது எனலாம். 1956 டிசம்பரில் 156 பேர் தேசத்துரோகக் குற்றஞ்சாட்டிக் கைதுசெய்யப்பட்டபோது, அவர்கள் அனைவரையும் ஒரே படத்தில் எடுக்க வைன்பேர்க் விழைந்தார். ஜொகனஸ்பேர்க்கின் ஜூபேர்ட் பூங்காவில் அதற்கான ஏற்பாடும் செய்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே அமர்ந்து படமெடுப்பதற்குப் பூங்காவின் பொறுப்பாளர் இடமளிக்கவில்லை. வைன்பேர்க் அவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் படமெடுத்துப் பின்னர் ஒட்டியிணைத்து ஒரே படமாக்கினார்.

இப்படம் உலகெங்கும் அறியப்பட்டது. இதனை உண்மையின் நேரடிப் பதிவு என்று கூறவியலாது. அந்த 156 பேரும் அவ்வாறு ஒருங்கே அமர்ந்த கணம் என ஒன்று நிகழவேயில்லை. ஆயினும் இப்படம் பொய்யன்று. நாடு எவ்வாறு இருத்தல் வேண்டுமென அவ்வியக்கம் கருதியதோ அவ்வாறான நாட்டை அது காட்டிற்று. அந்நாடு ஏன் இன்னும் தோன்றவில்லை என்பதனை அதன் ஒட்டுத் தடங்கள் காட்டின. யதார்த்தவாதம் என்பது கண்முன் கிடப்பதைப் படியெடுத்தல் அன்று என நாவலைப் பற்றி நாம் கூறிவந்துள்ளோம். அதனைப் புகைப்படத்துக்கும் பொருத்திக் காண்பதற்கு இதனினும் தக்க உதாரணம் கிடைத்தல் அரிது.

ரஞ்சித் காலியின் வரலாறும் இத்தன்மையதே. 1925இல் டேர்பனுக்கு அண்மையிலுள்ள இசிப்பிங்கோவிற் பிறந்த இவர், ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் நீண்டகாலம் உழைத்தவர். பழம்பொருள் விற்பனை ஒன்றில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைத்த ஒரு கமராவே இவரை இக்கலைக்குள் அழைத்துவந்தது. பின்னர் ‘ட்ரம்’ சஞ்சிகையின் படப்பிடிப்பாளராகி, ஆல்பர்ட் லுதூலி முதலிய தலைவர்களையும் டேர்பன் இந்தியரின் அன்றாட வாழ்வையும் பதிவு செய்தார். ஆயினும் இவருடைய முதலாவது தனிக் கண்காட்சி 2004ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. தொழிலாளியின் கண்ணால் எடுக்கப்பட்ட படங்கள் கலையெனக் கொள்ளப்படுவதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

3

புகைப்படத்தின் சாட்சிப் பண்பு பற்றி அதிகம் பேசப்பட்டுள்ளமையின் அதனைச் சுருக்கமாகவே நோக்குவோம். 1960 மார்ச் 21ஆந் திகதி சார்ப்வில்லில் அனுமதிச் சீட்டுச் சட்டத்துக்கு எதிராகக் கூடியோர் மீது பொலிசார் சுட்டு 69 பேரைக் கொன்றனர். அங்கு நின்ற இயன் பெரியின் படங்கள், மக்கள் தாக்கவரவில்லை, ஓடிக்கொண்டிருந்தனர் என்பதனை உலகுக்குக் காட்டின. 1976 ஜூன் 16ஆந் திகதி சொவெற்றோவில், சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீற்றர்சனை ஒருவன் தூக்கிவரச் சகோதரி அருகில் ஓடிவரும் காட்சியைச் சாம் நிசிமா எடுத்தார். படச்சுருளைத் தமது காலுறைக்குள் மறைத்தே காப்பாற்றினார். பீற்றர் மகுபானே, வெறுமையாக்கிய பாணுக்குள் கமராவை ஒளித்துச் சென்று படமெடுத்தவர். 586 நாள் தனிமைச் சிறையையும் ஐந்தாண்டுத் தடையையும் அனுபவித்தவர். எர்னஸ்ட் கோலின் படங்கள் 1967இல் நூலாக வந்தபோது தென்னாபிரிக்காவில் தடைசெய்யப்பட்டன; அவர் அந்நிய மண்ணிலேயே 1990இல் மறைந்தார்.

இவை யாவும் போற்றத்தக்கன. ஆயினும் ஒரு வரையறை உண்டு. சாட்சிப் படம் பெரும்பாலும் கொடுமை நிகழ்ந்த கணத்தையே பற்றி நிற்பது. அதன் நீதிமன்றம் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இருந்தது. படத்திலுள்ளவன் அங்கு அடிக்கப்படுபவனாக, ஓடுபவனாக, இறந்தவனாகவே தோன்றுகின்றான். அவன் ஒரு சங்கத்தின் உறுப்பினன், சந்தா செலுத்தியவன், கூட்டத்தில் எதிர்த்து வாக்களித்தவன் என்பன அப்படங்களில் இடம்பெறுவதில்லை.

1973 ஜனவரி 9ஆந் திகதி டேர்பன் நகரத்துக் கொரனேஷன் செங்கல், ஓட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. மூன்று மாதங்களுக்குள் 60,000க்கு மேற்பட்ட தொழிலாளர் வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலையை நிறுத்தினர். இப்போராட்டத்தின் சிறப்பான அம்சம் ஒன்றுண்டு. பேச்சுவார்த்தைக்குப் பிரதிநிதிகளை அனுப்புமாறு முதலாளிமார் கேட்டபோது தொழிலாளர் மறுத்தனர். முன்னே வருபவன் அடையாளம் காணப்படுவான், அடையாளம் காணப்பட்டவன் வேலையிழப்பான் என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர். கூட்டத்துள் நின்றவாறே, முகமற்ற குரலாகவே கோரிக்கையை எழுப்பினர்.

இவ்விடத்தேதான் புகைப்படத்தின் அடிப்படை முரண்பாடு வெளிப்படுகின்றது. கமரா முகத்தைத் தருகின்றது. போராட்டமோ முகத்தை மறைக்க வேண்டியிருக்கின்றது. பத்திரிகையில் வரும் படத்தைத் தொழிலாளியின் மனைவி பார்ப்பது போலவே தொழிற்சாலை அதிகாரியும் விசேட பொலிஸ் பிரிவினரும் பார்ப்பர். காணப்படாதவனைக் காணச் செய்தல் என்று முன்னர் கூறிய பணி, அவனைக் காட்டிக்கொடுத்தலாகவும் மாறிவிடக்கூடும். இம்முரண்பாட்டைத் தனியொரு கலைஞனின் நல்லெண்ணம் தீர்க்கவியலாது. எடுக்கப்படுவோருக்கும் எடுப்போனுக்கும் இடையே ஒரு பொறுப்புறவு இருந்தாலன்றி அது தீராது. அவ்வுறவை ஏற்படுத்திய நிறுவனம் தொழிற்சங்கமாகும்.

4

ஒமர் பாட்சா 1945இல் டேர்பனிற் பிறந்தவர்; ஓவியராகத் தொடங்கியவர். 1973 வேலைநிறுத்தங்களுக்குப் பின் எழுந்த புதிய சங்க இயக்கத்தில் இரசாயனத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். அப்பணியினூடாகவே அவர் புகைப்படத்துக்கு வந்தார். 1979இல் வெளிவந்த அவரது ‘பர்சானாவுக்கு ஒரு கடிதம்’ என்னும் நூல் தம் மகளை முன்னிலைப்படுத்திக் குழந்தைகளின் வாழ்வைக் காட்டுவது. அதனையும் அரசு தடைசெய்தது. துப்பாக்கியோ தடியடியோ அன்றிக் குழந்தைகளே பொருளாயமைந்த நூலொன்றைக் கண்டு ஓர் அரசு அஞ்சியமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

1982இல் பாட்சா, போல் வைன்பேர்க் முதலியோர் ‘அப்ராபிக்ஸ்’ என்னும் கூட்டமைப்பை நிறுவினர். ஜீவா ராஜகோபால், செட்ரிக் நன், சான்ரு மொபொகெங் போன்றோர் அதில் இயங்கினர். 1991இற் கலையும்வரை இவ்வமைப்பு பல பணிகளை ஒருங்கே செய்தது. சங்கங்களுக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் படங்களை வழங்கியது, வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் படம் விற்றது, இளையோருக்குப் பயிற்சியளித்தது, படக் களஞ்சியம் ஒன்றைப் பேணியது. 1985 டிசம்பர் முதலாந் திகதி டேர்பனில் தென்னாபிரிக்கத் தொழிற்சங்கங்களின் மாபெரும் சம்மேளனம் நிறுவப்பட்ட காலத்தில் இக்கூட்டமைப்பு உச்ச நிலையில் இருந்தது. அதற்கு முந்திய மாதத்திலேயே, அவசரகால நிலை நிலவிய பகுதிகளில் கலவரக் காட்சிகளைப் படமெடுப்பதை அரசு தடைசெய்திருந்தது.

இக்கூட்டமைப்புச் சார்ந்த படங்களை முந்திய சாட்சிப் படங்களோடு ஒப்பிடுவோர் சில வேறுபாடுகளைக் காண்பர். முதலாவது, இப்படங்களில் உழைக்குமிடம் இடம்பெறுகின்றது. லெஸ்லி லோசனின் உழைக்கும் பெண்கள் பற்றிய நூல் வீட்டுப் பணிப்பெண்களையும் தொழிற்சாலைப் பெண்களையும் அவர்களது வேலைத்தலத்திலேயே காட்டுகின்றது. இரண்டாவது, கூட்டம் என்பது வெறும் திரளாகக் காட்டப்படுவதில்லை. பேசுவோரும் கேட்போரும் சலிப்போரும் கொண்ட அமைப்பாகக் காட்டப்படுகின்றது. மூன்றாவது, படத்தின் முதல் வாசகர் படத்திலுள்ளோரே. இம்மூன்றாவது வேறுபாடே ஏனையவற்றுக்குக் காரணமாகும். தன் சங்கச் சுவரொட்டியில் தன் படத்தைக் காணப்போகும் தொழிலாளியின் முன் கமராவுடன் நிற்பவன், தூரதேசத்துப் பத்திரிகைக்காக நிற்பவனிலிருந்து வேறுபட்டவன்.

ஆயினும் குறைகள் இல்லாமலில்லை. படங்களை வாங்கிய வெளிநாட்டுச் சந்தை உயர்த்திய கைமுட்டியையும் எரியும் டயரையுமே பெரிதும் விரும்பிற்று. அச்சந்தையின் தேவை படைப்பையும் பாதித்தது. 1984இல் எழுத்தாளர் நிஜபுலோ நிடெபெலே, தென்னாபிரிக்க இலக்கியம் கொடுமையின் காட்சிப்பகட்டிலேயே தங்கிவிட்டதெனவும் சாதாரண வாழ்வின் சிக்கல்களை அது மீளக் கண்டறிதல் வேண்டுமெனவும் வாதிட்டார். அவர் இலக்கியத்தைப் பற்றிக் கூறியது புகைப்படத்துக்கும் பொருந்துவதாயிற்று. மொபொகெங் 1986இல் தொடர்வண்டியில் வேலைக்குச் செல்லும்போதே பாடியும் பிரார்த்தித்தும் செல்லும் தொழிலாளரைப் படமெடுத்தார். பின்னர் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளிற் பழைய பெட்டிகளுக்குள் கிடந்த 1890க்கும் 1950க்கும் இடைப்பட்ட ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தொகுத்தார். அடிமைகளாக மட்டுமே உலகம் கண்ட மக்கள், தாம் எவ்வாறு காணப்பட விரும்பினர் என்பதனை அத்தொகுப்புக் காட்டிற்று.

5

இதுவரை கூறியவற்றினும் கடினமான வினா ஒன்றுண்டு. ஒடுக்கப்பட்டோர் தம்முள் ஒரு பகுதியினரை ஒடுக்குங்கால், போராட்டத்தின் பக்கம் நின்ற கமரா என்ன செய்தது?

டேர்பன் இவ்வினாவிலிருந்து தப்பவில்லை. 1949 ஜனவரியில் ஆபிரிக்கருக்கும் இந்தியருக்குமிடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தனர். 1985இல் இனந்தா என்னும் பகுதியிலிருந்து மக்கள் பலவந்தமாக அகற்றப்படுவதைப் பொருளாகக் கொண்டு பாட்சா ‘இமிஜொண்டோலோ’ என்னும் புகைப்பட நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அதே இனந்தாவில், இந்தியரின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. குடும்பங்கள் ஓடின. காந்தி நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பும் எரிந்தது. நிலமும் கடையும் ஒருவரிடமும் வாடகையும் வறுமையும் மற்றவரிடமும் இருக்குமாறு செய்த சட்டங்களே அதன் வேர் என்பது உண்மை. ஆயின் வேரைக் காட்டுவதனால் எரிந்த வீடு மறைந்துவிடாது. அரசு மக்களை அகற்றியதைக் காட்டுவதற்கு இயக்கத்தின் மொழி ஆயத்தமாக இருந்தது. அயலவர் அயலவரை அகற்றியதைக் காட்டுவதற்கு அத்தகைய மொழி ஆயத்தமாக இருக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் நேட்டாலில் கறுப்பினத்தவரின் இரு அரசியல் அணிகளிடையே நிகழ்ந்த கொலைகளின்போதும் இதே இடர்ப்பாடு தோன்றிற்று.

இங்கிருந்து நாம் நம் கரைக்குத் திரும்புவோம்.

6

மன்னார்க் கரை புகைப்படத்துக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த முத்துக்குளிப்பு, கொழும்பு ஸ்டூடியோக்களின் அஞ்சலட்டைகளுக்குப் பொருளாயிற்று. அவற்றில் வள்ளங்கள் உண்டு, சுழியோடிகள் உண்டு, ஒருவருக்கேனும் பெயரில்லை. ‘மூர்மன்’, ‘தமிழ்க் கூலி’ என்ற வகைப்பெயர்களே உண்டு. குடியேற்றவாதப் புகைப்படத்தின் இயல்பு இதுவாகும். லயனல் வென்ட் இலங்கைப் புகைப்படத்தைக் கலையின் உயரத்துக்குக் கொண்டுசென்றார். அவ்வழியில் அழகியல் வளர்ந்தது. தொழிலாளரின் கையிற் கமரா சென்று சேரவில்லை.

நம் நாட்டின் வீதிப் போராட்ட வரலாறோ வளமானது. 1947 ஜூன் 5ஆந் திகதி வேலைநிறுத்த ஊர்வலத்திற் சுடப்பட்டு மாண்ட அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி, 1953 ஓகஸ்ட் 12இன் ஹர்த்தால், 1961இல் வடகிழக்குக் கச்சேரிகளின் முன் நிகழ்ந்த சத்தியாக்கிரகம், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், நாற்பதினாயிரம் பேருக்கு மேல் வேலையிழந்த 1980 ஜூலை வேலைநிறுத்தம் ஆகியவற்றை நினைவுகூரலாம். இவற்றுக்குப் படங்கள் உண்டு; ஆயின் அவை பத்திரிகைப் படங்கள். சங்கங்கள் தமக்கென வளர்த்த படப் பாரம்பரியம் என ஒன்றைச் சுட்டுதல் கடினம்.

1983 ஜூலையில் பொரளையில் எடுக்கப்பட்ட படம் இதற்கோர் அரிய விதிவிலக்கின் அருகே வருவது. ஆடை களையப்பட்டுக் குந்தியிருக்கும் தமிழ் இளைஞனையும் அவனைச் சூழ்ந்து களிப்போரையும் காட்டும் அப்படத்தை எடுத்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகையைச் சார்ந்த சந்திரகுப்த அமரசிங்க. ஒரு சிங்கள இடதுசாரிப் பத்திரிகையின் கமரா தன் இனத்தவரின் குற்றத்தைப் பதிவு செய்தது என்பதனை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அப்படத்தைச் சாட்சியாக நாற்பதாண்டுகளாகப் பயன்படுத்தி வந்துள்ளோம். அதனை எடுத்தவன் நின்ற இடத்தை நாம் கற்றுக்கொள்ளவில்லை. தன் பக்கத்தாரின் குற்றத்தின் முன் கமராவை உயர்த்தும் அவ்விடத்தில் நாம் நின்றோமா என்பதே வினா.

1990 ஒக்டோபர் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. அம்மாத இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தம் வாழிடங்களை இழந்தனர். மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி பெரிய முஸ்லிம் கிராமங்களுள் ஒன்று. கடற்றொழிலாலும் வணிகத்தாலும் கல்வியாலும் நிலைபெற்றிருந்த ஊர். ஆயுதந்தரித்தோர் அவ்வூரைச் சூழ்ந்து வீடுகளைக் கொள்ளையிட்டனர். சில தினங்களுள் மக்கள் கடற்கரைக்குச் சென்று, வள்ளங்களிற் கற்பிட்டியை நோக்கிப் புறப்பட்டனர். அண்டை அயலிலிருந்த தமிழர் பலர் கண்ணீர் விட்டனர் என்பதும் உண்மை. அக்கண்ணீர் ஆணையைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை.

அந்நாட்களில் வடக்கிற் கமராக்கள் இல்லாமலில்லை. விடுதலைப் புலிகளிடம் ‘நிதர்சனம்’ என்னும் ஒளிப்படப் பிரிவு இருந்தது. போர்க்களமும் மாவீரர் நிகழ்வும் மக்கள் ஊர்வலமும் முறையாகப் பதிவாயின. ஆனால் வெளியேற்றத்தை நினைவுகூரும் வெளியீடுகளில் நாம் காண்பவை பெரும்பாலும் பின்னர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் எடுக்கப்பட்ட ஓலைக் குடிசைகளின் படங்களே. ஏவியவரின்றி, ஏவலின்றி, அகதி மட்டும் தோன்றும் படங்கள் அவை. புயலால் வந்தவரையும் ஆணையால் வந்தவரையும் அவை ஒரே விதமாகக் காட்டும்.

எழுத்து இக்கடமையிலிருந்து முற்றாக விலகவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனித உரிமை ஆசிரியர் குழுவினர் தம் உயிருக்கு ஆபத்திருந்தும் வெளியேற்றத்தைப் பற்றி எழுதினர். பின்னாளில் குடியியல் சமூகத்தினர் அமைத்த ஆணைக்குழு வடபுல முஸ்லிம்களின் வாய்மொழிகளைத் தொகுத்தது. தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முழுமையுறாத தோம்பு’ இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த நிலப்படங்களைக் கொண்டது. புகைப்படம் இல்லாதவிடத்து நினைவே கோடாக வரையப்பட்டது என்ற வகையில் அந்நூல் இங்கு கூறப்படும் வெறுமைக்குச் சிறந்த சான்றாகும்.

7

இவ்வொப்பீட்டின் எல்லையையும் கூறுதல் வேண்டும். இனஒதுக்கல் ஓர் அரசின் சட்ட அமைப்பு. 1990இன் வெளியேற்றம் ஓர் ஆயுத இயக்கத்தின் ஆணை. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுத் தவறாகும். தமிழ் மக்கள் அரசின் ஒடுக்குமுறைக்கு உட்பட்டிருந்தனர் என்பதும் மறுக்கவியலாதது. ஆயினும் ‘எதிர்ப்புக் கமரா’ என்பது தன்னளவில் நேர்மையின் உத்தரவாதம் ஆகாது என்ற முடிவு இரு நாடுகளுக்கும் பொதுவானதே. ஓர் அமைப்பு தன் உறுப்பினருக்கு மாத்திரமன்றித் தன்னாற் பாதிக்கப்படுவோருக்கும் பதிற்சொல்லக் கடமைப்பட்டிருக்கும் அளவுக்கே அதன் படங்களும் நேர்மையாக இருக்கும். தென்னாபிரிக்கச் சங்கங்களில் வாக்கெடுப்பும் கருத்து மோதலும் இருந்தன. அவற்றின் படங்களில் அது தெரிகின்றது. கேள்வி கேட்கவியலாத அமைப்பின் படங்களில் கேள்வி கேட்கும் முகம் தோன்றுவதில்லை.

சங்கம் என்பதனை இன்னொரு வகையிலும் இங்கு நோக்கலாம. புத்தளத்துக்கு வந்த எருக்கலம்பிட்டியாரும் ஏனையோரும் அகதிகள் என்றே அறியப்பட்டனர். ஆனால் அவர்களுட் பலர், குறிப்பாகப் பெண்கள், கற்பிட்டிக் குடாநாட்டுத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிகளாயினர். வள்ளமும் வலையும் கடையும் உடையோராக இருந்தவர்கள் உழைப்பை மாத்திரம் விற்போராக மாறியமை ஒரு வர்க்க மாற்றமாகும். இம்மாற்றத்தை நம் சமூகவியல் ஓரளவே ஆராய்ந்தது. நம் புகைப்படம் அதனினும் குறைவாகவே கண்டது. நிவாரண அட்டையுடன் வரிசையில் நிற்கும் பெண்ணைப் படமெடுத்தோர், வெங்காயத் தோட்டத்திற் குனிந்து நிற்கும் அதே பெண்ணைப் படமெடுக்கவில்லை. நிவாரணம் பெறுபவளுக்குச் சங்கம் வேண்டியதில்லை என்றே எல்லோரும் எண்ணினர். சட்டத்தாற் ‘தொழிலாளி’ எனப்படாத தென்னாபிரிக்கனும், ‘அகதி’ என்ற பெயரால் தொழிலாளி என அறியப்படாத இப்பெண்ணும் ஒரே மறைப்பின் இருவகைப் பலிகளாவர்.

புகைப்படம் வீதியில் இறங்கிய பிறிதொரு விதத்தையும் நாம் கண்டுள்ளோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய தொடர்போராட்டத்தில், பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்களும் ஸ்டூடியோப் படங்களுமே ஏந்தப்பட்டன. அங்கு போராட்டம் புகைப்படத்தின் பொருளாயிருப்பதிலும் பார்க்கப் புகைப்படமே போராட்டத்தின் கருவியாயிற்று. கலைநயம் எதுவுமற்ற அச்சிறு படங்களுக்கு அவ்வலிமை எவ்வாறு வந்தது? பிள்ளையின் பெயரை அறிந்த ஒருவர் அதனைக் கையில் ஏந்தி நின்றமையால் வந்தது. மரிச்சுக்கட்டி அஞ்சலட்டையில் இல்லாதது இதுவே.

இங்கிருந்து நடைமுறை சார்ந்த ஒரு பணி தெளிவாகின்றது. எருக்கலம்பிட்டியிலும் புத்தளத்திலும் கொழும்பிலும் வாழும் குடும்பங்களிடம் 1990க்கு முற்பட்ட கல்யாணப் படங்களும் பாடசாலைக் குழுப்படங்களும் கடற்கரைப் படங்களும் எஞ்சியிருக்கலாம். பல கொள்ளையுடன் போயிருக்கும். சில சட்டைப்பையிலோ குர்ஆன் பிரதியின் பக்கங்களுக்கிடையிலோ கடலைக் கடந்திருக்கும். மொபொகெங் செய்ததுபோல அவற்றைப் படத்திலுள்ளோரின் பெயர்களுடனும் உடையோரின் சம்மதத்துடனும் தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களாற் செய்யக்கூடிய பணியே. அப்படங்களில் அயலிலிருந்த தமிழரும் நிற்பர். ஒரே வகுப்பிற் படித்தோராக, ஒரே கல்யாணப் பந்தலில் விருந்தினராக நிற்பர். அவர்களும் அடையாளங் காணப்படுதல் வேண்டும். அவர்களுள் உயிரோடிருப்போரிடம் அந்த ஒக்டோபர் மாதம் பற்றி வினவுதல் வேண்டும்.

அவ்வாறு வினவுவது பழிதீர்த்தல் ஆகாது. வைன்பேர்க் ஒரே பூங்காவில் அமரவிடப்படாதோரை ஒட்டியிணைத்து ஒரே படமாக்கினார். மன்னார்க் கரையில் ஒரு காலத்தில் ஒரே படத்தில் இயல்பாகவே நின்றோர் பிரிக்கப்பட்டனர். தமிழ்பேசும் மக்கள் என்ற சொற்றொடரை நாம் இனியும் பொருளுடன் கையாள விரும்பின், அப்படம் எவ்வாறு கிழிந்தது என்பதனை முதலில் எழுதியாக வேண்டும். அதனை எழுதும் பொறுப்பு வெளியேற்றப்பட்டோருக்கு மட்டும் உரியதன்று. ஊரில் எஞ்சியிருந்த நமக்கே அது முதலில் உரியது.